புறப்பாட்டுக்கு முன் ஓர் ஒத்திகை: ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் விமானப் பயணமும்

ஆட்டிசம் உள்ள குழந்தையை விமானத்தில் அழைத்துச் செல்வதற்கு முன் வாரக்கணக்கில் பழக்கப்படுத்தும் வழக்கம் இன்று பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. விமான நிலைய வாசலிலிருந்து பெட்டி சுற்றி வரும் பட்டை வரை ஒவ்வொரு கட்டத்தையும் படமாக அடுக்கிய சிறு புத்தகம், காதை மூடும் ஹெட்போன், வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பெல்ட் கட்டிப் பழகும் விளையாட்டு, விமான நிலையமே ஒரு நாள் கதவு திறந்து நடத்தும் ஒத்திகை, பயண நாளில் கழுத்தில் தொங்கும் சூரியகாந்திப் பட்டை ஆகியவை எல்லாம் இந்த வழக்கத்தில் அடக்கம். இது தோன்றி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஆனால் அந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு பெரிய திருப்பம் நிகழ்ந்திருக்கிறது. நெடுங்காலம் தயாராக வேண்டிய பொறுப்பு முழுவதும் குழந்தையின் மீதும் பெற்றோரின் மீதும், பெரும்பாலும் தாயின் மீதும்தான் இருந்தது. விமான நிலையமும் தயாராக வேண்டும் என்ற எண்ணம் மிகப் பிந்தித்தான் வந்தது.

ஆட்டிசத்தைப் பற்றிய ஆரம்பகால விரிவான மருத்துவக் கட்டுரைகளுள் ஒன்றை அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் 1943-இல் வெளியிட்டார். 11 குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரை அது. எல்லாம் எப்போதும் போலவே இருக்க வேண்டும் என்ற அந்தக் குழந்தைகளின் பிடிவாதத்தை அவர் குறித்துவைத்தார். பேரொலியும் நகரும் பொருட்களும் அவர்களை நடுங்க வைப்பதையும் எழுதினார். லிஃப்ட், வாக்குவம் கிளீனர், குழாயில் ஓடும் தண்ணீர், வீசும் காற்று என்று அவர் தரும் பட்டியலை இன்று படிக்கும்போது அது விமானப் பயணத்தின் வர்ணனையாகவே தோன்றுகிறது. இரைச்சல், அசைவு, அடைபட்ட இடம், அன்றாடம் முற்றிலும் குலைந்த ஒரு நாள் ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதுதான் விமானப் பயணம்.

எனினும் கானரின் காலத்தில் இந்தச் சிக்கல் யாருக்கும் எழவில்லை. அந்தக் குழந்தைகளில் பலர் வீட்டிலேயே இல்லை. மனநல விடுதிகளிலும் அரசுக் காப்பகங்களிலும் சேர்த்துவிடுமாறு மருத்துவர்களே பெற்றோருக்கு அறிவுரை சொன்ன காலம் அது. பாசமற்ற தாய்தான் குழந்தையின் ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொடிய கருத்தும் நிலவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், அது உடல் சார்ந்த நிலை, வளர்ப்பின் விளைவு அல்ல என்று 1964-இல் தம் நூலில் வாதிட்டிருந்தார். 1962-இல் பிரிட்டனிலும் 1965-இல் அமெரிக்காவிலும் பெற்றோர் சங்கங்கள் உருவாயின. பழியைச் சுமந்து ஒதுங்கியிருந்த பெற்றோர் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டது அப்போதுதான். பின்னால் வந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தச் சந்திப்பே வித்து.

குழந்தைகள் வீட்டில் வளரத் தொடங்கியதற்குச் சட்டமும் துணை செய்தது. மாற்றுத்திறன் கொண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளியில் இலவசக் கல்வி தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1975-இல் நிறைவேறியது. மூன்று ஆண்டுகள் கழித்து, முற்றிலும் வேறொரு துறையில், விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1978-இல் வந்தது. போட்டி பெருகியது, கட்டணம் இறங்கியது. அதுவரை வசதி படைத்தோரின் வாகனமாக இருந்த விமானம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. தாத்தா பாட்டி வேறு மாநிலத்தில், சிகிச்சை நிபுணர் வேறு நகரத்தில், விடுமுறை ஃப்ளோரிடாவில் என்று வாழ்க்கை விரிந்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தையுடன் விமானம் ஏறுவது குடும்பங்களின் நடைமுறைக் கேள்வியாயிற்று.

அதற்கு விடை தேடிய பெற்றோருக்குத் தயாரான கையேடு எதுவும் இல்லை. வேறு நோக்கங்களுக்காக உருவான உத்திகளை அவர்கள் எடுத்துக் கோத்துக்கொண்டார்கள். அவற்றுள் மிகப் பழையது, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக நெருங்கச் செய்வது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய சிறுவன் ஒருவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலின் கூண்டை ஒவ்வொரு முறையும் சற்று அருகே நகர்த்தினார். முடிவில் சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1958-இல் இதை முறையான சிகிச்சையாக வகுத்தார். இன்று விமான நிலைய வாகன நிறுத்தத்தில் நின்று விமானங்களைப் பார்ப்பது, அடுத்த வாரம் வாசல் வரை போவது, அதற்கடுத்த வாரம் உள்ளே சென்று ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவது என்று பெற்றோர் படிப்படியாக முன்னேறுவதன் அடியில் இருப்பது அந்த முயல் கூண்டின் உத்திதான்.

அடுத்தது படங்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் உருவாக்கிய டீச் திட்டம் 1972-இல் அந்த மாநிலம் முழுவதற்குமான அரசுத் திட்டமாயிற்று. ஆட்டிசம் உள்ள பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை உறுதியாகப் பற்றிக்கொள்கிறார்கள் என்பது அதன் அடிப்படை. நாளின் நிகழ்வுகளைப் படங்களாக வரிசைப்படுத்தி, முடிந்ததை எடுத்துவிட்டு அடுத்ததைக் காட்டும் பட அட்டவணை அங்கிருந்து பரவியது. பெற்றோரையே இணைச் சிகிச்சையாளராக ஏற்றுக்கொண்டது ஷாப்ளரின் இன்னொரு பெரிய கொடை. தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய தலைமுறைக்குப் பின் வந்த அந்த மரியாதையின் அளவை இன்று உணர்வது கடினம். மிச்சிகன் மாநில ஆசிரியை கேரல் கிரே 1990-களின் தொடக்கத்தில் சமூகக் கதை என்ற வடிவத்தை அமைத்தார். ஓரிடத்தில் என்ன நடக்கும், யார் இருப்பார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதைக் குழந்தையின் நிலையில் நின்று, கட்டளையிடாத எளிய வாக்கியங்களில் சொல்லும் குறுங்கதை அது. சீருடை அணிந்தவர் பையை எந்திரத்துக்குள் அனுப்புவார், மறுபக்கத்தில் பை திரும்பக் கிடைத்துவிடும் என்ற ஒரு செய்தியே, பொம்மையைப் பிரிய மறுக்கும் குழந்தைக்குப் பெரும் ஆறுதல். உலகின் பல விமான நிலையங்கள் தம் சொந்தப் புகைப்படங்களுடன் இன்று வெளியிடும் வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த வடிவத்தின் வழித்தோன்றல்களே.

ஹெட்போனின் கதை சற்றே வேறு. 1978-இல் சூரிக் நகரிலிருந்து பாஸ்டன் திரும்பிய விமானத்தில், எஞ்சின் இரைச்சல் இசையை அமுக்குவதைக் கண்ட பொறியாளர் அமர் போஸ், எதிர் அலையை எழுப்பி இரைச்சலைத் தணிக்கும் கருவிக்கான கணக்கை அந்தப் பயணத்திலேயே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். வங்காளத்திலிருந்து குடியேறிய விடுதலைப் போராட்ட வீரரின் மகன் அவர். 1989-இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பயணிகளுக்கு அது 2000-இல்தான் கிடைத்தது. ஆட்டிசத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பொருளல்ல அது. எனினும் எஞ்சினின் ஓயாத இரைச்சலைத் தாங்க முடியாத குழந்தைகளுக்கு அது பெரிதும் உதவியது. ஆயினும் ஹெட்போனையும் முன்கூட்டியே பழக்க வேண்டும். தலையில் எதுவும் படுவதைப் பொறுக்காத குழந்தைக்குப் பயண நாளில் முதன்முறையாக மாட்டிவிட்டால் பயனில்லை.

இந்த உத்திகள் பெற்றோர் வட்டங்களில் வாய்வழியாகப் பரவிக்கொண்டிருந்தபோது, பொது மக்களின் மனத்தில் ஆட்டிசத்தையும் விமான நிலையத்தையும் முதன்முதலில் இணைத்தது ஒரு திரைப்படம். 1988-இல் வந்த ரெயின் மேன் படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் நடித்த ரேமண்ட், விமானம் ஏற மறுத்து நிலையத்திலேயே கதறுகிறான். ஒவ்வொரு விமான நிறுவனத்தின் விபத்துகளையும் ஒப்பிக்கும் அவன், குவாண்டஸ் மட்டும் விழுந்ததில்லை என்கிறான். தம்பி வேறு வழியின்றி நாட்டின் குறுக்கே காரில் அழைத்துப் போகிறான். விமானங்களில் அந்தப் படத்தைத் திரையிட்ட நிறுவனங்கள் பல அந்தக் காட்சியை வெட்டிவிட்டன. குவாண்டஸ் வெட்டவில்லை. அந்தக் காட்சி ஆட்டிசத்தை நாடறியச் செய்தது உண்மை. ஆனால் இப்படிப்பட்டவர் பறக்க மாட்டார், சுற்றியிருப்போர்தான் வழியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற முடிவையும் அது மனத்தில் பதித்துவிட்டது. நிலையத்தையோ விமானத்தையோ சற்று மாற்றலாம் என்று அந்தப் படத்தில் எவருக்கும் தோன்றவில்லை. அன்றைய சமூகத்துக்கும் தோன்றவில்லை.

சட்டத்துக்கு மட்டும் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டப் பிரிவு, நேரடி அரசு நிதி பெறாத விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1986-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடல் முடங்கிய முன்னாள் படைவீரர்களின் சங்கம் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு வந்த அதே ஆண்டில் நாடாளுமன்றம் விமானப் பயண அணுகல் சட்டத்தை இயற்றி அந்த ஓட்டையை அடைத்தது. அதன் விரிவான விதிகள் 1990-இல் வெளிவந்தன. சக்கர நாற்காலிகளைப் பற்றியே பெரிதும் பேசும் அந்த விதிகளில், ஆட்டிசம் உள்ள குழந்தையின் குடும்பத்துக்குப் பெருந்துணையான ஒரு வரி உண்டு. ஒருவரின் குறைபாட்டால் விளையும் தோற்றமோ, தன் கட்டுப்பாட்டில் இல்லாத நடத்தையோ மற்றப் பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் எரிச்சலோ இடைஞ்சலோ தரக்கூடும் என்பதற்காக அவரை ஏற்ற மறுக்கக் கூடாது என்கிறது அது. கைகளை உதறும், ஓயாமல் ஒரே ஒலியை எழுப்பும், அழுது தீர்க்கும் குழந்தைக்கு இருக்கையின் மீது உரிமை உண்டு என்பதே இதன் பொருள். பக்கத்து இருக்கைக்காரரின் முகச்சுளிப்புக்கு முன் கூனிக் குறுகிய பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய பலம்! 2009-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அமெரிக்காவுக்கு வந்து போகும் அயல்நாட்டு நிறுவனங்களையும் இந்த விதிகளுக்குள் கொண்டுவந்தது.

உரிமை வந்துவிட்டது. ஆனால் விமான நிலையம் எதிர்த்திசையில் கடினமாகிக்கொண்டே போயிற்று. அமெரிக்காவில் எல்லாப் பயணிகளையும் சோதனையிடும் முறை 1973 ஜனவரியில்தான் கட்டாயமாயிற்று. அதற்குப் பிறகும் நெடுங்காலம், டிக்கெட் இல்லாதவர்கூடச் சோதனையைத் தாண்டி விமானம் நிற்கும் வாயில் வரை செல்ல முடிந்தது. இந்தச் சிறு சலுகையின் அருமை இழந்த பின்புதான் தெரிந்தது. பயணம் எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் குழந்தையை அழைத்துச் சென்று, சோதனை வாயிலைக் கடந்து, கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் விமானத்தைக் காட்டித் திரும்ப அப்போது முடிந்தது. யாருடைய அனுமதியும் தேவைப்படாத, செலவில்லாத ஒத்திகை அது.

2001 செப்டம்பர் 11-க்குப் பின் அந்தக் கதவு மூடியது. பயணச்சீட்டு உள்ளவர் மட்டுமே உள்ளே செல்லலாம் என்றாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் (டிஎஸ்ஏ) என்ற புதிய கூட்டாட்சி அமைப்பு பிறந்தது. ஒருவன் காலணியில் வெடிபொருள் வைத்துவந்த டிசம்பர் 2001 சம்பவத்தின் தொடர்ச்சியாகக் காலணி கழற்றும் வழக்கம் வந்து, 2006-இல் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு லண்டனில் ஒரு சதி அம்பலமாக, திரவப் பொருட்களுக்கு 100 மில்லிலிட்டர் வரம்பு வந்தது. குறிப்பிட்ட ஒரே பானத்தை மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அதுவும் ஓர் இடி. 2009 கிறிஸ்துமஸ் நாளில் உள்ளாடையில் குண்டுடன் ஒருவன் பிடிபட்ட பின், கைகளை உயர்த்தி அசையாமல் நிற்க வேண்டிய உடல் வருடிக் கருவிகள் பரவின. 2010-இன் இறுதியில் கையால் தடவிச் சோதிக்கும் முறையும் கடுமையாயிற்று. காலணியைக் கழற்று, பொம்மையை விடு, அம்மாவை விட்டுத் தனியாக நட, அசையாதே, அந்நியர் தொட்டால் பொறுத்துக்கொள் என்ற ஐந்தும் ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு மிக மிகக் கடினமானவை. பத்தே ஆண்டில் அவை ஒன்றன்பின் ஒன்றாக விமானப் பயணத்தின் நுழைவுக் கட்டணமாகிவிட்டன. ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் இருந்தது. எந்த விதியும் இந்தக் குழந்தைகளை நினைத்து எழுதப்படவில்லை.

அமைப்பு நடத்தும் ஒத்திகை இந்த நெருக்கடியிலிருந்துதான் பிறந்தது. தன்னிச்சையாக உள்ளே செல்ல முடியாத பெற்றோருக்காக நிலையமே கதவைத் திறக்க வேண்டியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் வளர்ச்சிக் குழந்தை மருத்துவர் வெண்டி ராஸ் 2010-ஐ ஒட்டி அத்தகைய திட்டத்தை அந்நகர விமான நிலையத்துடன் சேர்ந்து தொடங்கினார். பாஸ்டனின் லோகன் விமான நிலையத்தில், அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான தி ஆர்க் என்ற அமைப்பின் உள்ளூர்க் கிளையும் விமான நிலைய நிர்வாகமும் இணைந்து 2011-இல் விங்ஸ் ஃபார் ஆட்டிசம் என்ற ஒத்திகையை நடத்தின. 2014-இல் தி ஆர்க் அதை நாடு தழுவிய திட்டமாக்கியது.

ஒத்திகை நாளின் ஒழுங்கு உண்மைப் பயணத்தை அப்படியே பின்பற்றும். குடும்பம் வந்து வரிசையில் நின்று போர்டிங் பாஸ் வாங்குகிறது. உண்மையான பாதுகாப்பு அலுவலர்கள் உண்மையான கருவிகளால் சோதிக்கிறார்கள். வாயிலில் காத்திருக்கும் நேரம்கூடச் சுருக்கப்படுவதில்லை, ஏனெனில் காத்திருத்தலே பலருக்கு மிகக் கடினமான பகுதி. பின் அறிவிப்பு, வரிசை, குறுகிய நடைபாதை, விமானத்தின் உள்ளே தன் எண்ணுள்ள இருக்கை, பெல்ட். விமானி பேசுகிறார், பணியாளர் பாதுகாப்பு விளக்கம் தருகிறார், தின்பண்டமும் பானமும் வருகின்றன. பல இடங்களில் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். சில இடங்களில் ஓடுபாதையின் அருகே வரை நகர்ந்து திரும்பும். பிறகு இறங்குதல். வாசலிலேயே அழுது திரும்பிய குழந்தைக்கும் அந்த நாள் தோல்வியாகக் கருதப்படுவதில்லை. அடுத்த முறை வாசலிலிருந்து தொடரலாம்.

இந்த நாளின் பாதிப் பயன் குழந்தைக்கு, மறு பாதி ஊழியர்களுக்கு. சோதனை அலுவலரும் விமானப் பணிப்பெண்ணும் ஒரே நாளில் பல ஆட்டிசக் குழந்தைகளைப் பார்க்கிறார்கள். ஒருவன் பேசவே மாட்டான், ஒருத்தி நிறுத்தாமல் பேசுவாள், ஒருவன் சொன்னதையே திருப்பிச் சொல்வான். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும், ஒரு கேள்வியைக் கேட்டால் பதிலுக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும், அடம் என்று தோன்றுவது அச்சமாக இருக்கலாம் என்பதை வகுப்பறைப் பயிற்சி இவ்வளவு ஆழமாகக் கற்பிக்க முடியாது. தயாராக வேண்டியது குழந்தை மட்டுமல்ல என்ற உண்மை நடைமுறையில் முதன்முதலாக ஏற்கப்பட்டது இந்த ஒத்திகைகளில்தான். பாதுகாப்பு நிர்வாகமும் அதே காலத்தில் சற்று இளகியது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் காலணி கழற்ற வேண்டாம் என்று 2011-இல் விதி மாறியது. பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு தொலைபேசியில் சொன்னால் சோதனை இடத்தில் உதவிக்கு ஆள் நிறுத்தும் டிஎஸ்ஏ கேர்ஸ் சேவை அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. பெரியவர்களுக்கான காலணி விதி 2025 ஜூலையில் அமெரிக்காவில் நீக்கப்பட்டது.

கருத்து நிலையிலும் நிலம் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்கத் தொழில்சார் சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸ் 1972-இலேயே புலன்களின் ஒருங்கிணைப்பைப் பற்றி எழுதியிருந்தாலும், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அதிகாரபூர்வ அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களே எழுதவும் பேசவும் தொடங்கியது இதைவிட முக்கியமான மாற்றம். டெம்பிள் கிராண்டினின் தன்வரலாறு 1986-இல் வந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்காகத் துக்கம் காக்க வேண்டாம் என்று ஜிம் சின்க்ளேர் 1993-இல் பெற்றோரிடம் நேராகவே கேட்டுக்கொண்டார். காது வலிக்கிறது, விளக்கு குத்துகிறது என்று அவர்கள் உள்ளிருந்து சொன்ன பிறகு, குழந்தையை அசையாமல் உட்காரவைப்பதையே வெற்றியாக எண்ணிய பழைய அளவுகோல் ஆட்டம் கண்டது. வலியைக் குறைப்பதே முதல் வேலை என்ற புரிதல் மெல்ல இடம்பிடித்தது. அமைதியாக இருக்கும் குழந்தை துன்பப்படாமல் இருக்கிறது என்று பொருளில்லை. இந்த வழக்கம் கற்றுக்கொண்டவற்றுள் மிகவும் தாமதமாகக் கற்றது இதுதான்.

ஐரோப்பாவில் திருப்பம் வேறு வழியில் வந்தது. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றி 2008-இல் முழுமையாக அமலுக்கு வந்த விதி, உதவி தரும் பொறுப்பை விமான நிறுவனத்திடமிருந்து விமான நிலையத்துக்கு மாற்றியது. 48 மணி நேரம் முன் தெரிவித்தால் கட்டணமின்றி உதவி தர வேண்டும், அறிவுசார் குறைபாடும் அதில் அடங்கும். ஆனால் தெரிவித்தவர் யார் என்பதை நெரிசலில் நிற்கும் ஊழியர் எப்படி அறிவார்? சக்கர நாற்காலி கண்ணுக்குத் தெரியும், ஆட்டிசம் தெரியாது. சோதனை இடத்திலும் வாயிலிலும் விமானக் கதவிலும் தாய் தன் குழந்தையின் நிலையை அந்நியர் காதுபட மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையம் 2016-இல் கண்டறிந்த விடை மிக எளிது. பச்சை நிறத்தில் மஞ்சள் சூரியகாந்திகள் அச்சிட்ட கழுத்துப்பட்டை. அணிந்தவருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு குறைபாடு உண்டு, சற்றுக் கூடுதல் நேரமும் பொறுமையும் தேவை என்று மட்டும் அது சொல்லும். என்ன குறைபாடு என்று சொல்லாது. தொலைவிலிருந்தே தெரிய வேண்டும், ஆனால் மருத்துவச் சின்னம் போலவும் இருக்கக் கூடாது என்ற இரு தேவைகளையும் அந்தப் பூ நிறைவேற்றியது. அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம். அதே ஆண்டு பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய பயணிகளைச் சோதனையின்போது துணைக்கு வந்தவரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றது. விரைவில் பிரிட்டனின் மற்ற நிலையங்களும் கடைகளும் ரயில்களும் சூரியகாந்தியை ஏற்றன. அங்கிருந்து அது பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் பட்டையைக் கண்ட ஊழியருக்குப் பயிற்சி இல்லையென்றால் அது வெறும் துணிதான். முன்வரிசை உரிமையையும் அது தருவதில்லை.

அமைதி அறைகள் ஏறக்குறைய இதே காலத்தில் எழுந்தன. அட்லாண்டா விமான நிலையத்தில் 2016-இலும், அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் 2017-இலும், கேட்விக்கில் 2018-இலும் மங்கிய ஒளியும் மெத்தென்ற தரையும் நிறம் மாறும் குமிழிக் குழாய்களும் கொண்ட அறைகள் திறக்கப்பட்டன. பிட்ஸ்பர்க் நிலையம் 2019-இல் திறந்த அறையின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. அந்த நிலையத்தின் கனரக வாகன ஓட்டுநர் ஒருவர், ஆட்டிசம் உள்ள தம் மகனை மனத்தில் வைத்து, இப்படி ஓர் இடம் வேண்டும் என்று நிர்வாகத் தலைமைக்குக் கடிதம் எழுதினார். நிர்வாகம் அறையைக் கட்டி அந்தச் சிறுவனின் பெயரையே சூட்டியது. சுமார் 1,500 சதுர அடி அறைக்குள், இருக்கைகளும் மேல் பெட்டிகளும் கொண்ட விமானத்தின் உட்புறமே ஒரு பகுதியாக அமைந்திருக்கிறது. ஏறுவதற்குச் சற்று முன்பும் குழந்தை ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். டிக்கெட் இல்லாதவர்களையும் அனுமதிச் சீட்டு கொடுத்து மீண்டும் வாயில் வரை விடத் தொடங்கிய முதல் அமெரிக்க நிலையமும் பிட்ஸ்பர்க்தான். அது 2017-இல். 2001-இல் மூடிய கதவு சிறிதேனும் திறந்தது.

இந்தியாவில் இந்த வரலாறு தன் வழியில் நகர்கிறது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது. விமானத்தில் ஏறும் உரிமையை நிலைநாட்டியவர் ஜீஜா கோஷ் என்ற கொல்கத்தா செயற்பாட்டாளர். மூளை முடக்குவாதம் கொண்ட அவர் 2012 பிப்ரவரியில் கோவாவில் ஒரு கருத்தரங்குக்குச் செல்ல இருக்கையில் அமர்ந்த பின் இறக்கிவிடப்பட்டார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அவருடைய நிலை ஆட்டிசம் அல்ல என்றாலும், கண்ட தோற்றத்தை வைத்து ஊழியர் தீர்ப்பெழுதக் கூடாது என்ற அதன் சாரம் எல்லோருக்கும் பொருந்தும். அப்படியும் 2022 மே மாதம் ராஞ்சியில், பதற்றத்தில் இருந்த சிறப்புக் குழந்தை ஒன்றை ஒரு நிறுவனம் ஏற்ற மறுத்தது. பெற்றோரும் பயணத்தைக் கைவிட்டார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, பயணத்தால் உடல்நலம் கெடும் என்று நிறுவனம் கருதினால் மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சொல்ல வேண்டும் என்கிறது திருத்தம்.

இந்திய நிலையங்களில் தயாரிப்பின் கட்டங்களும் சற்று வேறு. 1999 இறுதியில் நிகழ்ந்த கந்தகார் கடத்தலுக்குப் பின், 2000-இலிருந்து மத்திய தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையங்களின் காவலை ஏற்றது. ஒவ்வொருவரையும் மேடையில் நிறுத்திக் கையடக்கக் கருவியால் தடவிச் சோதிப்பது இங்கே வழக்கம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. வளர்ந்த மகனுடன் தனியாகப் பயணிக்கும் தாய்க்கு இது உண்மையான சிக்கல். ஆகவே வீட்டு ஒத்திகையில் கைகளை விரித்து நிற்பதும், ஒரு கருவி உடலோரம் நகர்வதும் சேர வேண்டும். பொதுவாக டிக்கெட் இல்லாதவர் முனையக் கட்டடத்துக்குள்ளேயே நுழைய முடியாது என்பதால், நிலையம் நடத்தும் ஒத்திகையின் தேவை இங்கே இன்னும் கூடுதல். சூரியகாந்திப் பட்டையை பெங்களூரு கெம்பே கவுடா விமான நிலையம் 2023-இல் ஏற்றது.

ஒத்திகையால் பழக்க முடியாதவையும் உண்டு. விமானம் தாமதமாகும், வாயில் மாறும், சன்னலோர இருக்கை கிடைக்காமல் போகும். எல்லாம் எப்போதும் போல இருக்க வேண்டும் என்ற குழந்தைக்குப் படப் புத்தகத்தைக் காட்டிய பின் அதில் இல்லாதது நடந்தால் ஏமாற்றம் இரட்டிப்பு. அதனால் அனுபவமுள்ள பெற்றோரும் சிகிச்சையாளர்களும் புத்தகத்திலேயே காத்திருப்பதற்கென ஒரு பக்கத்தையும், சில சமயம் மாறும் என்று சொல்லும் ஒரு பக்கத்தையும் வைக்கிறார்கள். தரையிறங்கும்போது வரும் காது வலிக்கு உறிஞ்சிக் குடிக்க ஏதேனும் எடுத்துச் செல்கிறார்கள். திரும்பும் பயணம் மற்றொரு சிக்கல். ஒத்திகை நடப்பது சொந்த ஊர் நிலையத்தில். போய்ச் சேரும் ஊரின் நிலையமோ குழந்தைக்குப் புதிது. வரிசை வேறு, சீருடை வேறு, சில இடங்களில் மொழியும் வேறு. அந்த ஊர் நிலையத்தின் படங்களையும் முன்கூட்டியே திரட்டி, திரும்பும் பயணத்துக்கெனத் தனியாக இரண்டாவது புத்தகம் ஒன்றைத் தயாரிக்குமாறு சிகிச்சையாளர்கள் சொல்வது இதனால்தான்.